கழுத்தில் கிடந்த கத்திரிக்கோல்

ஏரியூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, பென்னாகரம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். பஸ்ஸுக்காக நிற்கவில்லை. நின்றால் அக்கா வீட்டுத் தெருக்காரர்கள் யாராவது பார்த்து, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள். நடக்கிறவனை யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் எங்கேயோ போகிறான் என்று விட்டுவிடுவார்கள். ஊர் ஊராக வேலை விட்டுப் போனதில் நான் கற்றுக்கொண்டது இது.

மத்தியானம் தாண்டிய நேரம். பங்குனி வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டி எழுந்தது. ஒகேனக்கல் போவதாகத் திட்டம். அங்கே ஒரு மீன் வறுவல் கடையில் முன்பு இரண்டு சீசன் நின்றிருக்கிறேன். எப்போது வந்தாலும் எண்ணெய்ச் சட்டி முன்னால் இடம் உண்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஊர் முடிந்து சோளக்காடு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு வீட்டுக்குள் யாரோ தட்டைக் கழுவித் தரையில் கவிழ்த்தார்கள். டங் என்று ஒரு சத்தம். என் கால் நின்றுவிட்டது. உடம்பு பாதி திரும்பியும் விட்டது. அது வேறு தட்டு, வேறு வீடு என்று மனசுக்குத் தெரிந்து நான் மறுபடி நடக்க ஆரம்பிக்கச் சிறிது நேரம் ஆனது.

அந்தத் தட்டுச் சத்தத்துக்கு வாரக்கணக்கில் நான் எழுந்து ஓடியிருந்தேன்.

அக்கா வீட்டுக்கு நான் தங்குவதற்காக வரவில்லை. ஓசூரில் பிரைடு ரைஸ் தள்ளுவண்டி வேலை முடிந்து, அடுத்து எங்கே என்று தெரியாத இடைவெளியில், முகம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அக்கா ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். அக்கா வீட்டுக்காரர் போர் போடுகிற வண்டியில் வடக்கே போயிருந்தார். அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது அவர் போன் செய்தால்தான் தெரியும். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே மகள். பதினாறு வயது, பிளஸ் ஒன்.

அவளுக்குப் பல் முன்னும் பின்னுமாக முளைத்திருந்தது. போன வருஷம் அக்கா அவளைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லுக்குக் கம்பி போட்டுவிட்டாள். கம்பியோடு அவள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாள். நான் வந்த வாரம், பாடி வந்த ஒருத்தியை இவள் காலைப் பிடித்து இழுத்ததில் அவள் முட்டி இவள் தாடையில் இறங்கியது. கீழ்த்தாடை எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில், ஏற்கெனவே இருந்த கம்பியிலேயே மேலும் கீழும் கொக்கி மாட்டி, சின்னச் சின்ன ரப்பரால் இரண்டு தாடையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாய் திறக்கக் கூடாது. பேச முடியாது, மெல்ல முடியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. கன்னத்தை ஒதுக்கி, அந்தச் சந்து வழியாகத்தான் சாப்பாடு.

"நீராகாரமா குடுங்க, ஆனா சத்தா இருக்கணும்" என்றார் டாக்டர். "பருப்பு, முட்ட, கறிகூட அரைச்சுக் குடுக்கலாம். கட்டி மட்டும் இருக்கக் கூடாது."

நர்ஸ் எங்கள் கையில் ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சும், அதன் மூக்கில் மாட்ட மெல்லிய ரப்பர் குழாயும் கொடுத்தார். கூடவே முனை மழுங்கிய ஒரு சின்னக் கத்திரிக்கோல்.

"இது எந்நேரமும் பக்கத்துலயே இருக்கணும். வாந்தி வந்துச்சுன்னா இந்தப் பாப்பாவால வாயத் தொறக்க முடியாது. மூச்சு அடைச்சிரும். ஒடனே ரப்பரையெல்லாம் வெட்டி வுட்டுடணும். பகல்ல வூட்ல யாருங்க இருப்பீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். கத்திரியை மகள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். வாந்தி முட்டுகிறபோது கண்ணாடி பார்த்து வெட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று நர்ஸ் கேட்டார்.

"மாமன்காரன் இருக்கானுங்க" என்றாள் அக்கா. "எங்கியும் போவ மாட்டான்."

அன்று பஸ்ஸில் வரும்போதே கத்திரியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்டாள். எனக்கு இதுவரை யாரும் மோதிரம்கூடப் போட்டதில்லை.

வீடு ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு, மேலே ஷீட். பத்து மணிக்கெல்லாம் ஷீட் காய ஆரம்பித்துவிடும். அவள் கட்டிலில், நான் வாசற்படியில். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பூனால் எவர்சில்வர் தட்டைத் தட்டுவாள். குளிக்கப் போனாலும் அந்தச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கக்கூசில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முறை பாதியில் ஓடி வந்திருக்கிறேன். ஒரு முறை டிவி ரிமோட்டுக்காக. கோபித்தால், அவளுடைய போன் எனக்குப் பதில் சொல்லும்.

அது ஒரு புது விஷயம். அவள் போனில் எழுதுவாள், போன் ஒரு பொம்பளைக் குரலில் வாசித்துக் காட்டும். நான் ஏழாவது பாதியில் நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும். அதனால் அவளே இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாள். அந்தக் குரலுக்குக் கோபமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. "மாமா தண்ணீர்" என்று சொல்வதையும் "மாமா நீ ஒரு லூசு" என்று சொல்வதையும் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஒரே சீராகச் சொல்லும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளுக்கு ஏதாவது உள்ளே போக வேண்டும். செய்வது, அரைப்பது, கொடுப்பது, குழாய் கழுவுவது, அவள் வாயை உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வைப்பது, மறுபடி செய்வது. முதல் நாள் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சினேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை எல்லாம் போட்டு மில்லில் அரைத்த மாவு. பாதி போகும்போதே குழாய் அடைத்துக்கொண்டது. நான் கட்டைவிரலால் அழுத்தினேன். குழாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. கஞ்சி அவள் கண்ணிலும், சுவரிலும், சாமி காலண்டரிலும் அடித்தது.

அப்போதுதான் சேலத்தில் டீ மாஸ்டராக நின்ற கை விழித்துக்கொண்டது. டீக்கடையில் எதையும் வடிகட்டாமல் டம்ளருக்குக் கொண்டுபோக மாட்டோம். அக்கா வீட்டு டீ வடிகட்டி ஓட்டையாக இருந்ததால், பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, டீக்கடைப் பை மாதிரி சுருக்கித் தைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எல்லாம் அந்தப் பை வழியாகத்தான் போனது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தேன். கொள்ளு வேகவைத்துப் பிழிந்தேன். பருப்பு, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, ஆட்டுக்கால், எதுவானாலும் அரைத்துப் பிழிந்து, சூடு ஆற இரண்டு டம்ளரில் முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றி, சிரிஞ்சில் ஏற்றினேன். ஒரு கட்டி இல்லை, ஒரு திப்பி இல்லை. குழாய் அதற்குப் பிறகு ஒரு நாளும் அடைக்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

பைக்குள் மிஞ்சுகிற சக்கையைக் கொல்லைப்புறம் கொட்டுவேன். அக்காவுக்கு நான்கு கோழியும் ஒரு சேவலும் இருந்தன. பையை உதறுகிற சத்தத்துக்கே ஓடி வரும். சேவல் மற்றதுகளைக் கொத்தி விரட்டிவிட்டு முக்கால்வாசியைத் தானே தின்னும்.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று ஒரு நாள் கேட்டார். "உங்க கோழிக்கு என்னாங்க போடறீங்க? ஒவ்வொண்ணும் மினுமினுன்னு கெடக்குது."

"சும்மா, வூட்ல மிஞ்சறதுதாங்க."

"எங்க வூட்லயுந்தான் மிஞ்சுது. எங்க கோழி நூலாட்டம் திரியுதே."

அதே அம்மாதான் பத்தியம் சொன்னவரும். வாயில் காயம் என்றால் காரம் ஆகாது, புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகவே ஆகாது. அக்காவும் தலையாட்டினாள். ஆக, வெள்ளையாகவோ இனிப்பாகவோ தண்ணியாகவோ இருப்பதுதான் அவளுக்கு வாய்த்தது. இரண்டாவது வாரம் போன் சொன்னது: "மாமா இது மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணி."

"நல்லா சத்துடி. வேர்க்கடலப் பாலு."

"மாமா நீயே குடி."

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கபடி ஆடுகிற பெண்ணின் தோள் அவளுக்கு. அது இறங்கிச் சட்டை தொங்கியது. நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து, ஷீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாசலிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லாரி போனால், அதன் பின்னால் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டுவேன். நாசிக்குக்குக் கிளீனராகப் போயிருக்கிறேன். செங்கல் சூளையில் கிடந்திருக்கிறேன். காரிமங்கலம் சந்தையில் மூட்டை இறக்கி, அங்கேயே கோணி போட்டுத் தூங்கியிருக்கிறேன். எங்கேயும் இவ்வளவு நாள் ஒரு கதவு தெரிகிற தூரத்துக்குள் இருந்ததில்லை. அவளுக்கு வாயைக் கட்டியிருந்தார்கள், எனக்குக் காலை.

நான் கிளம்பிய அன்றைக்குக் காலையில்தான் தர்மபுரியில் அவளுடைய எடை பார்த்தார்கள். போன வாரத்தைவிடவும் குறைந்திருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வாரமும் இப்புடியே எறங்குச்சுன்னா அட்மிட் பண்ணிக்குவோம். மூக்கு வழியா டியூப் வச்சு ஏத்திடலாம். கூட அம்மா இருக்கற மாதிரி வரச் சொல்லுங்க."

எதிர்க் கட்டிலில் ஒரு தாத்தாவுக்கு மூக்கில் அந்த டியூப் இருந்தது. அதன் முனையைக் காதோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் போன் சத்தமாகச் சொன்னது: "மாமா மூக்கில் டியூப் வேண்டாம்." முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். சத்தத்தைக் குறை என்றேன். அவள் அதையே மறுபடி தட்டினாள். "மாமா மூக்கில் டியூப் வேண்டாம்." பென்னாகரம் வரும்வரை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"நீ என்னாடா குடுக்கற அவளுக்கு? பச்சத்தண்ணியா?"

"நேரந்தவறாம குடுக்கறேன். நீ வேணா வந்து குடு."

"நான் வந்து ஆஸ்பத்திரியில ஒக்காந்தா, இங்க என் மிஷின்ல நாளைக்கே வேற ஒருத்தி ஒக்காருவா. அதுக்குத்தான உன்ன வச்சிருக்கேன்?"

வைத்திருக்கிறேன் என்றாள். ஆட்டை வைத்திருப்பது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் வேர்க்கடலை அரைத்தேன். பிழிந்தேன். வெல்லம் போட்டேன். ஆற்றினேன். அவள் கன்னத்தை ஒதுக்க விடவில்லை. இன்னொரு தடவை கிட்டே போனேன், கையால் தள்ளினாள். டம்ளர் உருண்டு பால் பாயில் ஓடியது. கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. உங்கள் எல்லோருக்கும் நான் என்ன அடிமையா என்பது மாதிரி ஏதோ. அவள் போனை எடுத்து நிதானமாகத் தட்டினாள்.

"நீ போ மாமா. உனக்குப் போகத்தான் தோணும் என்று அம்மா அப்பவே சொன்னாங்க."

அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாததால், அது திட்டு மாதிரியே இல்லை. விடை கொடுப்பது மாதிரி இருந்தது. பையை எடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம், சித்தநேரம் பாத்துக்குங்க என்றேன். நடந்துவிட்டேன்.

சோளக்காடு தாண்டி ஒரு புங்கமரத்தடியில் கூழ் விற்கிற தள்ளுவண்டி இருந்தது. விற்கிற அம்மாவுக்கு அக்கா வயதிருக்கும். பெரிய மண்பானை, ஈரத்துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் மோர்மிளகாய், வெங்காயம், மாங்காய்க் கீற்று. தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரம் கட்டியிருந்தது. அதன் டிரைவர் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார். நானும் ஒரு சொம்பு கேட்டு நின்றேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா மேலாக மொண்டு டிரைவர் சொம்பில் ஊற்றினார். டிரைவர் சொம்பை எட்டிப் பார்த்தார்.

"யக்கா, தண்ணி குடிக்கறதுக்கு எங்க வூட்லயே கொழா இருக்குது. அடியில வுட்டுக் கலக்கி ஊத்து."

"கலக்கித்தான் ஊத்துனேன்."

"எங்க கலக்குன? மாவெல்லாம் அடியில படுத்துத் தூங்குது. மேல தெளிஞ்சு நிக்கறத மோந்து ஊத்தற. இதக் குடிச்சுட்டுப் போனா பென்னாகரம் தாண்டறதுக்குள்ள காதடைச்சுக்கும்."

"ஒனக்கு அடிய வழிச்சு ஊத்திட்டா, பின்னால வர்றவனுக்குப் பானையவா குடுக்கறது?"

"பின்னால வர்றவன் இந்தா நிக்கறாரே, இவரு தெளிவு குடிப்பாரு. பாத்தா அப்புடித்தான் இருக்காரு."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கரண்டியை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். மாவு புகை மாதிரி எழுந்து வந்தது. பானையில் இருந்த தண்ணீர் கூழானது.

நான் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டிப் பை ஞாபகம் வந்தது. பையிலிருந்து சொட்டுகிற வெள்ளைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. பிறகு, பையைக் கொல்லையில் நான் உதறுவதும், அந்தச் சேவல் ஓடிவருவதும். பருப்பு, கடலை, முட்டை, கொள்ளு, ஆட்டுக்கால். அத்தனையின் அடியையும் வாரக்கணக்காக யாருக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அங்கே நின்றபடியே விளங்கியது. டீயில் சக்கையை எறிய வேண்டும். கஞ்சியில் சக்கைதான் கஞ்சி. இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். டீ மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"என்னாங்க, சொம்பப் புடிங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். "கழுத்துல என்னாங்க அது? கத்திரிக்கோலா?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "யாரோ நல்லாக் கட்டி வுட்டிருக்காங்க. தாலிக்குப் பதிலா கத்திரி. புடிக்கலன்னா நீங்களே வெட்டிக்கலாம் போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கையை வைத்துப் பார்த்தேன். இருந்தது. வேர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவள் தனியாகக் கட்டிலில். வாயில் ரப்பர். கத்திரி இங்கே.

கூழை வாங்கவில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். பால் கேன் கட்டிய ஒரு மொபெட்காரர் நிறுத்தினார். எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை. என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். காலி கேன்கள் இரண்டும் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. அவ்வளவு தூரமா நடந்துவிட்டேன் என்று இருந்தது.

அவள் வாசற்படியில், நான் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டும் ஸ்பூனும். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் மொபெட்டிலிருந்து இறங்கியதை அவள் பார்த்தாள். முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"கத்திரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்."

"வாந்தி கீந்தி வந்துச்சா?"

"ஏதாவது குடித்தால்தானே வாந்தி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கட்டிய வாயோடு சிரித்தால் மூக்கு வழியாகக் காற்றுதான் வரும். அப்படிச் சிரித்தாள்.

பையைத் தொப்பென்று தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பானையில் பார்த்ததைச் சொன்னேன். வேட்டிப் பையை எடுத்துவந்து காட்டினேன். அதன் உள்பக்கத்தில் மத்தியானம் பிழிந்த வேர்க்கடலை இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். கொல்லைப்புறம் பார்த்தாள். பையைக் கண்டதும் சேவல் அங்கிருந்து ஓட்டமாக வந்து, எங்களுக்கு முன்னால் கழுத்தைச் சாய்த்து நின்றது. கொழுத்து, நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடியது.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"அந்தச் சேவலைப் பிடி மாமா."

"உங்கம்மா என்னக் கொன்னுடுவா."

"அதற்குள் இருப்பது என்னுடைய சாப்பாடு."

எட்டிச் சேவலைப் பிடித்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே தலை நீட்டினார். "காரம் ஆவாதுங்க."

"டாக்டரு கறியே குடுக்கலாம்னு சொல்லியிருக்காருங்க. வாயில புண்ணெல்லாம் ஆறிடுச்சு."

"என்னமோ பண்ணுங்க. மொளகா கம்மியாப் போடுங்க."

சாப்பாட்டைச் செய்வது பெரிய காரியமில்லை. உள்ளே கொண்டுபோவதுதான். கெட்டியாக அரைத்தால் சிரிஞ்சுக் குழாய் மறுபடி அடைக்கும். கத்திரியை வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இதையே யோசித்தபடி கடைத்தெருவுக்கு நடந்தேன். அங்கே பிரைடு ரைஸ் தள்ளுவண்டிக்காரர் சாயங்கால வியாபாரத்துக்கு அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முன்னால் வரிசையாகச் சிவப்பு பாட்டில்கள். அமுக்கினால் கூம்பு மூக்கு வழியாகத் தக்காளி சாஸ் வருமே, அவை. ஓசூரில் ஒரு வருஷம் அவற்றைத்தான் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தேன். மூக்கை எவ்வளவு கீழே வெட்டுகிறோமோ அவ்வளவு கெட்டியாக வரும்.

"அண்ணா, புது பாட்டில் ஒண்ணு இருந்தாக் குடுங்க. சாஸ் ஊத்தாதது."

"சேவலுக்கு சாஸ் தொட்டுச் சாப்பிடவா?"

"பொண்ணுக்குண்ணா. வாய் கட்டியிருக்குதே, அந்தப் பொண்ணு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து பிரிக்காத பாட்டில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று போதும் என்றேன். கழுவும்போது இன்னொன்று வேண்டும் என்றார். அதுவும் சரிதான்.

அக்கா வீட்டுத் தெருவும் கடைத்தெருவும் சேருகிற முக்கில் கோழிக்கடை. அங்கே சேவலைக் கொடுத்தேன். கடைக்காரர் அறுத்து, ரோமம் நீக்கி, வயிற்றைத் திறந்தார். உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு திரண்டு கிடந்தது.

"நாட்டுச் சேவல்ல இந்தக் கொழுப்ப நான் பாத்ததே இல்லீங்க. என்னா போட்டு வளத்தீங்க?"

"சத்துமாவு, வேர்க்கடல, பருப்பு, முட்ட, ஆட்டுக்காலு."

அவர் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கோழிக்கா?"

"கோழிக்குன்னு போடலீங்க. ஆனா அதுதான் தின்னுச்சு."

சாயங்காலம் குழம்பு வைத்தேன். வெங்காயமும் தேங்காயும் வதக்கி அரைத்து, மிளகாயைக் குறைத்து, மல்லியைக் கூட்டி. இன்னொரு அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டினேன். எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான். வாயைக் கட்டிப்போட்டவளுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு எது? இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. எலும்பு நீக்கிய கறியையும், ஒரு களி உருண்டையையும், குழம்பையும் மிக்சியில் போட்டு, மிக்சி சூடேறி நாற்றம் வரும்வரை ஓட்டினேன். பழுப்பாக, வழவழவென்று, கரண்டியிலிருந்து மெதுவாக விழுகிற பதம். கைவிரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். திப்பி இல்லை. வேட்டிப் பை பக்கம் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

பாட்டில் மூக்கை நர்ஸ் கொடுத்த கத்திரியாலேயே வெட்டினேன். அந்தக் கத்திரி முதல் தடவையாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

அவள் பாட்டிலைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். கன்னத்தை ஒதுக்கி, மூக்கைச் சந்தில் வைத்து, மெதுவாக அமுக்கினாள். நான் கத்திரியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா என்று கேட்டேன். தலையாட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. பாதி பாட்டில் போன பிறகு எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, போனைத் தேடினாள். பிசுபிசுத்த விரலால் ஒரே ஒரு வார்த்தை தட்டினாள்.

"உப்பு."

உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். பாட்டில் காலியாயிற்று. தட்டை எடுத்து டங் என்று தட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், இருந்தாலும் தட்டினாள். மறுபடி நிரப்பினேன்.

அக்கா வரும்போது இரண்டாவது பாட்டில் நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டாள். கொல்லைப்புறம் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சேவல் எங்கடா?"

நான் மகளைக் காட்டினேன். அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே அம்மாவைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், வேட்டிப் பையிலிருந்து கூழ்ப் பானைவரை. தோள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதையும் சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே வேலி வழியாகப் போயிருந்தது.

அக்கா சமையல் தடுப்புக்குப் போனாள். மிக்சி ஜாரில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"மாசக்கணக்கா ஒரு சேவல வளத்து என்னாத்துக்கு? போன வாரமே அடிச்சிருக்கலாம்" என்றாள். பிறகு, "டீ மாஸ்டராம், டீ மாஸ்டர்" என்றாள்.

அடுத்த வாரம் எடை என்ன காட்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அது காட்டுகிறதைக் காட்டட்டும். ஆனால் அதுவரை, அதற்கு அப்புறம் ரப்பர் கழற்றுகிறவரை, இந்த அறையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் மறுபடி நடந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தால்தான் எனக்குக் கால் அரிக்கும். கையில் வேலை இருந்தால் ஓரளவு நிற்பேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஆணியில் மாட்டியிருந்த என் பையை ஒரு தரம் பார்த்தாள், கேட்கவில்லை. நான் களியும் மிச்சக் குழம்பும் அரைத்து மகளுக்கு முதல் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, தட்டை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, முக்குக் கோழிக்கடைக்குப் போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் அக்கா வீட்டுக் கதவு தெரிந்தது. ஓடினால் ஒரே மூச்சு.

கடைக்காரர் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் தவிக்கிறேன், மற்ற நாளும் நின்றால் நல்லதுதான் என்றார். எனக்கு வெட்டத் தெரியும், கழுவத் தெரியும் என்றேன். ஒரே ஒரு விஷயம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய் வர வேண்டும், நடுவில் தட்டுச் சத்தம் கேட்டாலும் ஓட வேண்டும் என்றேன்.

"எதுக்கு? கைக்கொழந்தையா வச்சிருக்கீங்க?"

"ஆமாங்க. பதினாறு வயசு."

அவர் சிரித்து, உள்ளேயிருந்து ரப்பர் ஏப்ரனை எடுத்து வீசினார். கட்டிக்கொண்டேன்.

"கழுத்துல இருக்கற கத்திரியக் கழட்டிடுங்க. கத்திரி, கத்தியெல்லாம் கடையிலயே இருக்குது."

"இது கோழிக்கில்லீங்க" என்று சொல்லி, கயிற்றை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டேன்.

முதல் கோழியைத் தராசில் வைத்தேன். முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடியில் டங் டங் என்று தட்டினாள்.